மிளகு குடோனில் இடுப்பாட்டம்

நல்ல செய்தி சொல்கிற நினைப்பில் தாஹிரா பீவியின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டான் ராசு. மலையில் தேவனூர் நாட்டுக்காரன். அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் அவள் வீட்டுக் கடைக்கு மிளகு மூட்டை கொண்டுவந்தவன், பேசாமல் மூட்டையை இறக்கிவிட்டுப் போயிருக்கலாம்.

“உங்க மருமக தங்கமுங்கம்மா. எம் பொஞ்சாதி ருக்குமணி புள்ள பெத்ததுல இருந்து இடுப்பப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்க முடியாமக் கெடந்தா. இப்ப செம்மேட்டுக் குடோனுக்குப் போயி ஆடிட்டு வாறா, காட்டு வேலைக்கும் போறா.”

“ஆடிட்டா?”

“ஆமாங்க. இடுப்பாட்டமுங்க. பெல்லி டான்சோ என்னமோ பேரு சொல்லுச்சு. மாசமா இருக்கறவங்க, பெத்து எடுத்தவங்க, அல்லாரும் போறாங்க.”

தாஹிராவுக்குக் காது அடைத்தது. பெல்லி டான்ஸ் என்றால் என்னவென்று தெரியாதா அவளுக்கு? கேபிள் டிவி வந்து எத்தனை வருஷமாகிறது! தொப்புளுக்குக் கீழே மணி கட்டிக்கொண்டு குலுக்குவார்கள். கடைக்கார அமீர் பாஷா குடும்பத்து மருமகள், வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு, மிளகு மூட்டைகளுக்கு நடுவில் நின்று குலுக்குகிறாளாம். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வேறு! யா அல்லாஹ், இந்தக் கண்றாவியைக் கேட்கவா உயிரோடு வைத்திருக்கிறாய்?

மருமகள் நசீபாவை மலைக்கு ஏற்றிவிட்டதே தாஹிராதான். மகள் நாசியா தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் தாய்வீடு வந்தாள். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு கர்ப்பிணிகள் இருக்கக் கூடாது, ஒன்று ஒன்றை அடித்துவிடும் என்பது அந்த வீட்டில் யாரும் மீறாத வழக்கம். யாராவது ஒருத்தி வெளியேற வேண்டும். மகளையா அனுப்புவாள்? நசீபாவுக்குப் போக்கிடம் கிடையாது. தாய் மௌத்தாகிவிட்டாள், தகப்பன் மஸ்கட்டில். மகன் ரியாசுதீன் மிளகும் காப்பிக்கொட்டையும் சேர்த்து வைக்கிற செம்மேட்டுக் குடோனுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. ஒரு அடுப்பு, ஒரு பாய், நாலு பாத்திரம் கொடுத்து ஏற்றிவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஜீப்பை எடுக்கச் சொல்லலாமென்றால், அது நாசியாவை ஏற்றிக்கொண்டு காலையிலேயே போயிருந்தது. வியாழக்கிழமைதோறும் காரவள்ளிப் பக்கம் தர்காவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு சாயங்கால அசர் தொழுகைக்குள் திரும்பிவிடுவாள் நாசியா. பாவம், ஒன்பதாம் மாதம். முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு வாய்ச் சோறு இறங்குவதில்லை.

துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள் தாஹிரா. கடைக்காரர் வீட்டுப் பொம்பளை பஸ்ஸிலா என்று கண்டக்டர் பார்த்த பார்வைக்கு, அவன் டிக்கெட் கிழிக்கும்போதே ஒரு முறை முறைத்தாள். முன்சீட்டுக்காரி இரண்டாவது வளைவிலேயே வாந்தியெடுக்க ஆரம்பித்துவிட்டாள். பின்சீட்டில் கோழிக்கூடை. எல்லாம் அந்தக் குலுக்குக்காரியால் வந்த வினை!

வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்தபடி, கேட்கப்போகும் கேள்விகளை மனசுக்குள் கோத்துக்கொண்டே போனாள். நடுவில் தங்கை மஹ்மூதாவின் ஞாபகம் வந்தது. பிரசவத்தில் போனவள் அவள். அன்றைக்கு அந்த அறைக்குள் தாஹிராவை விடவில்லை, கதவுக்கு வெளியே நின்று அலறலைக் கேட்டதோடு சரி. நாசியா வயிற்றில் பிள்ளை தங்கியதும் தாஹிரா ஒன்றை முடிவு செய்துகொண்டாள். இவள் பெறும்போது பக்கத்தில் நான் இருப்பேன், இவள் கை என் கையில் இருக்கும், எந்தக் கொம்பன் வந்து தடுத்தாலும் சரி. அவள் அல்லாவிடம் கேட்பதெல்லாம் இப்போது அது ஒன்றுதான்.

செம்மேட்டில் இறங்கிக் குடோன் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பலாமரத்தடியில் அவர்கள் வீட்டு ஜீப். உள்ளே காலை நீட்டிக்கொண்டு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான் டிரைவர் சென்றாயன்.

தர்காவுக்குப் போன வண்டி இங்கே எதற்கு? விஷயம் புரிந்தது. புரியாதபடி இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

கதவைத் தள்ளினாள். மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கி நடுவில் இடம் விட்டிருந்தார்கள். டேப் ரிக்கார்டரில் ஒரு மெதுவான மேளம். ஏழெட்டுப் பெண்கள், வெளுத்துப்போன நைட்டிக்கும் சேலைக்கும் மேலே, வயிற்றுக்குக் கீழே துண்டு கட்டியிருந்தார்கள். மணியும் இல்லை, மினுக்கும் இல்லை. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிற மாதிரி இடுப்பை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எதிரே நசீபா. அவளுக்குப் பக்கத்தில் ஒன்பது மாத வயிற்றோடு நாசியா. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்புதான் தாஹிராவைக் கொளுத்திவிட்டது.

“அடிப்பாவி!” என்று பாய்ந்தாள். டேப்பை ஓங்கி ஓர் உதை. அது உருண்டு மூட்டையில் மோதி நின்றது. “எங்குடியக் கெடுக்கறதுக்குன்னே வந்தியாடி? நீ ஆடு, தெருவுல போயிக்கூட ஆடு, எனக்கென்ன! எம் மகளை எதுக்குடி இழுத்துட்டு வந்த? ஒருத்தி மூஞ்சில ஒருத்தி முழிக்கக் கூடாதுன்னுதானே உன்னைய இங்க தொலைச்சேன்!”

“ஏனுங்கம்மா, கத்தாதீங்க. கொளந்த எந்திரிச்சுக்கும்” என்றாள் ருக்குமணி. மூலையில் தூளி லேசாக ஆடியது.

“நீ யாருடி எனக்குச் சொல்ல?”

நசீபா குனிந்து டேப்பை எடுத்துத் துடைத்தாள். அவசரமே படவில்லை. “வாங்க மாமி. ரெண்டு மாசமா வழி தெரியாம இருந்தீங்க, இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?”

“வாயப் பாரு! ரியாசு வரட்டும், இன்னையோட உன்னைய முடிச்சு விடுறேன்.”

“வரட்டும். இந்த டேப்பை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.” நசீபாவின் குரலில் இரக்கம் துளியும் கிடையாது. “மஸ்கட்ல எங்க பக்கத்து வீட்டு மிசிரியம்மா, எகிப்துக்காரங்க, மருத்துவச்சி. மாசமானவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துத்தான் பிரசவம் பார்ப்பாங்க. குதிக்கிறதில்ல, குலுக்கறதில்ல. இடுப்பு இளகும், பயம் போகும். உங்க மகளை நான் கூப்பிடல. அவளா வந்தா. வந்த அன்னைக்கு அழுதா பாருங்க ஒரு அழுகை, துடைச்சுவிட நீங்க குடுத்தனுப்புன சாமான்ல ஒரு நல்ல துணிகூட இல்ல.”

தாஹிரா அவளைச் சட்டை செய்யாமல் மகளின் கையைப் பிடித்தாள். “நட. இந்த வயித்தோட இத்தனை வளைவு ஏறி வந்தியே, உனக்கு மூளை இருக்கா? உன் மாமியார் வீட்டுக்குத் தெரிஞ்சா வாசப்படி மிதிக்க விடுவாங்களா? நட ஊட்டுக்கு.”

“நான் வரலம்மா.”

“என்ன?”

“வரல. இங்கயே இருந்துக்குறேன். ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு. நர்சம்மாகிட்டக் காட்டியாச்சு. அண்ணனும் சரின்னுட்டாரு.”

“தாய்வீட்டுல பெறாம குடோன்லயா பெறப் போற? ஊரு என் மூஞ்சில காறித் துப்பவா?”

நாசியா கையை உருவிக்கொண்டாள். “ஊடாம்மா அது? விடிஞ்சு எந்திரிச்சா மஹ்மூதா சின்னம்மா செத்த கதை. சோறு போடும்போது அந்தக் கதை. ராத்திரி கால் பிடிச்சுவிடும்போதும் அந்தக் கதை. எப்படிக் கத்துனாங்க, எவ்வளவு ரத்தம் போச்சு, கதவை எப்பத் திறந்தாங்க! என் இடுப்பைப் பார்த்துப் பார்த்து அழுறீங்க. நான் இன்னும் சாகலம்மா. புள்ள பெறப் போறேன்.”

“உன் நல்லதுக்குத்தானே சாமி சொன்னேன். பத்திரமா இருக்கணும்னு...”

“எனக்குப் பயமா இருக்கு. உங்களைப் பார்த்தாலே பயமா இருக்கு.” நாசியா வயிற்றுக்குக் கீழே அவிழ்ந்த துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “வலி வந்தா அண்ணி என்கூட உள்ள இருப்பா. நீங்க வர வேணாம். கதவுக்கு வெளியகூட நிக்க வேணாம்.”

தாஹிராவுக்கு அவ்வளவு பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது. அதிலும் அந்த நசீபா ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பல்லைத் தட்டியிருப்பாள். அவளோ சாவகாசமாக டேப்பைத் தட்டிப் பார்த்தாள். அது மறுபடியும் பாட ஆரம்பித்தது.

“நாசமாப் போங்க!” என்றாள் தாஹிரா. “பொறந்தாலும் சரி, போனாலும் சரி, எனக்குச் சொல்லி அனுப்பாதீங்க. எனக்கு மகளே கிடையாது.”

வெளியே வந்து ஜீப் கதவை அடித்த அடியில் சென்றாயன் அலறிக்கொண்டு எழுந்தான். அவனைத் திட்டுவதற்கு அவளிடம் நிறையவே மிச்சமிருந்தது. முதல் சில வளைவுகள் இறங்குகிற வரைக்கும் அவன் அப்பன் பாட்டனையெல்லாம் இழுத்தாள். சோறு போட்டவளுக்குத் துரோகம் செய்துவிட்டு என்னடா தூக்கம் என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே ஓட்டினான். பிறகு அவளுக்கும் வார்த்தை தீர்ந்துபோனது.

நல்ல மனுஷன் சென்றாயன், ஆனால் விவரம் பத்தாது. தயங்கித் தயங்கிக் கேட்டான். “ஏனுங்கம்மா, பாப்பாவுக்கு வலி கண்டா எனக்குத்தான் போன் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. எந்நேரமா இருந்தாலும் ஊட்டுக்கு வந்து உங்களக் கூட்டிட்டுப் போயிரட்டுங்களா?”

“எனக்கு அங்க என்னடா வேலை?” என்று கத்தினாள் தாஹிரா.

கத்திவிட்டு அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னங்கம்மா இப்படிச் சொல்றீங்க, நீங்க இல்லாமயா என்று ஒரு வார்த்தை அவன் சொன்னால் போதும். அடுத்த வளைவு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. “சரிங்கம்மா” என்றான் சென்றாயன்.