பன்னிரண்டாவது மாணவர்

என்னைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் காலம்தான் போகும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஸ்பானிஷ் மொழியில் இடைநிலைத் தேர்வு எழுதிப் பாஸ் செய்தவள். எழுதி மட்டுமல்ல, பேசியும்.

தண்ணீர் மோட்டார் தயாரிக்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவில் எனக்கு வேலை. மோட்டார் ஓடவில்லை என்பார்கள், ஓடுகிறது ஆனால் தண்ணீர் ஏறவில்லை என்பார்கள், ஏறுகிறது ஆனால் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார் என்பார்கள். எல்லாவற்றையும் கேட்டு, பாதியிலேயே புரிந்துகொண்டு, மீதியை நானே நிரப்பி மெக்கானிக்குக்குத் தகவல் சொல்லிவிடுவேன். அந்த வேகத்துக்கு எனக்கு நல்ல பெயர் உண்டு.

போன வருஷம் கம்பெனி ஸ்பானிஷ் பேசும் நாடுகளுக்கும் மோட்டார் அனுப்பத் தொடங்கியது. புகார்களும் அங்கிருந்து வரத் தொடங்கின. அதற்கென்று ஜன்னலோரம் தனி மேஜை, தனி போன், தலைக்கு மேல் யாரும் இல்லாத பதவி ஒன்றை உருவாக்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் கல்லூரியில் இடைநிலைச் சான்றிதழ் வாங்கி வருபவருக்குத்தான் அந்த இருக்கை, இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்போம் என்றார் மேலாளர். எல்லோரும் குனிந்து தங்கள் மேஜையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் ஸ்பானிஷில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

கல்லூரியில் வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை வகுப்பு உண்டு. ஆரம்பநிலையை ஒருவழியாக முடித்தேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்து என் கணவர் கையில் கொடுத்துவிடுவேன். அவர் கேள்வி கேட்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கடையின் பின்னறையில் இயந்திரமும் அவருமாக உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளரிடம் பேசுவதெல்லாம் முன்னால் நிற்பவர்கள். அந்த வேலை அவருக்கு வாய்த்ததா, அவர் அந்த வேலைக்கு வாய்த்தாரா தெரியாது. எதைக் கேட்டாலும் 'ம்'. சந்தோஷத்துக்கு ஒரு 'ம்', வருத்தத்துக்கு ஒரு 'ம்'. எது எதற்கு என்று எனக்குத் தெரியும், அதனால் உலகத்துக்கு நானே எடுத்துச் சொல்லிவிடுவேன்.

இடைநிலை வகுப்பில் சேரப் போனபோது கல்லூரி அலுவலகத்தில் இடி விழுந்தது. பன்னிரண்டு பேர் இருந்தால்தான் வகுப்பு நடக்குமாம். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர்தான் இருந்தோம். இன்னும் ஒருவர் வராவிட்டால் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்களாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அந்தக் கல்லூரியையும், அதைக் கட்டியவர்களையும், ஸ்பானிஷ் படிக்க ஆசைப்படாத ஊரையும் திட்டித் தீர்த்தேன். அவர் "ம்" என்றார்.

மறுநாள் கடையிலிருந்து தாமதமாக வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து மேஜையில் வைத்தார். பன்னிரண்டாவது ஆளாக அவரே சேர்ந்திருந்தார். ஆரம்பநிலை படிக்காதவர்களுக்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டே என்று கேட்டேன். எழுதினாராம். பாஸாம். என்னைக் கேள்வி கேட்டுக் கேட்டே மனுஷர் படித்திருக்கிறார். நான் கத்திக் கத்திப் படித்ததை அவர் சத்தமில்லாமல் விழுங்கி வைத்திருக்கிறார்.

வகுப்பு இரண்டாவது மாடியில். கையோடு பலகை பொருத்திய நாற்காலிகள், எப்போதும் பாதி அழிந்த கரும்பலகை. கதவைத் தாண்டினால் ஸ்பானிஷ் தவிர வேறெதுவும் பேசக் கூடாது என்பது ஆசிரியையின் சட்டம். ஆரம்பநிலையில் 'என் பெயர் இது, எனக்கு இத்தனை வயது' என்று சொன்னால் போதும். இடைநிலையில் அது பலிக்காது. நடந்து முடிந்ததற்கு ஒரு கடந்த காலம், நடந்துகொண்டே இருந்ததற்கு இன்னொன்று. ஆசைப்படுவதற்கும் சந்தேகப்படுவதற்கும் வினைச்சொல்லே வேறு உருவம் எடுக்கும். நான் தப்போ சரியோ அடித்து விளாசிக்கொண்டு போவேன். அவரோ கட்டுரை எழுதினால் ஆசிரியை அதை வகுப்புக்கே வாசித்துக் காட்டுவார். அப்போதெல்லாம் நான்தான் எழுதியதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். ஆனால் வாயைத் திறந்து பேசச் சொன்னால் மனுஷருக்கு முகத்தில் ஈயாடாது.

பேச்சுத் தேர்வு வந்தது. இரண்டிரண்டு பேராகப் பேச வேண்டும். ஜோடியைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண். இருவரும் ஏறக்குறைய சமமாகப் பேசியிருக்க வேண்டும், ஒருவர் ஊமையாக இருந்தால் இருவருமே தோல்வி. யார் யாரோடோ ஜோடி சேர்ந்தார்கள். எனக்கு வந்தது வீட்டில் இருப்பதே.

ஒத்திகை அன்று ஆசிரியை அவரைப் பார்த்து, நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அவர் மூச்சை இழுத்தார். நான் சொன்னேன்: "வேலைக்குப் போனார், வந்தார், பேப்பர் படித்தார்." அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். நடக்கப் பிடிக்கும், கூட்டம் பிடிக்காது என்றேன். விடுமுறைக்கு எங்கே போக ஆசை என்று கேட்டார். அதற்கும் நானே ஓர் இடம் சொன்னேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. நிஜத் தேர்வும் இப்படிப் போனால் இரண்டு பேரும் காலி என்று நிதானமாகச் சொன்னார்.

வேறு ஜோடி போட்டுத் தரும்படி அங்கேயே, அவர் முன்னாலேயே கேட்டேன். கேட்டதில் தப்பில்லை என்றுதான் இன்றும் சொல்வேன், என் வேலையல்லவா அந்தரத்தில் நின்றது? ஆனால் விதி விதிதான் என்றார் ஆசிரியை. வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை. அவர் பேசாதது வழக்கம். நான் பேசாததால் பஸ்ஸில் அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். வீட்டு வாசலில் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னேன்.

"நாளன்னைக்கு நீங்க பேசலன்னா என் சீட்டு போச்சு. புரியுதா?"

"நீ பேசாம இருந்தா நான் பேசுவேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அதில் நியாயம் இருப்பதுபோல் பட்டதால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

தேர்வு அன்று நாங்கள் கடைசி ஜோடி. அறையில் ஆசிரியையும், வெளியிலிருந்து வந்த மீசைக்காரத் தேர்வாளர் ஒருவரும். எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். எங்களுக்குத் தாளில் எழுதித் தந்த சூழல்: அவர் ஹோட்டலில் தங்கியிருக்கும் விருந்தாளி, அவருக்கு ஒரு புகார். நான் வரவேற்பாளர், கேட்டுத் தீர்த்து வைக்க வேண்டும். இதைவிட எனக்குத் தோதான வேடம் கிடையாது, புகார் கேட்டே சம்பளம் வாங்குகிறவள். வணக்கம் ஐயா, என்ன பிரச்சினை என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன்.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடிகாரம் ஓடியது. 'அறை' என்ற வார்த்தையைத் தேடுகிறார் என்று அவர் உதட்டிலேயே தெரிந்தது. அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் துள்ளிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மீசைக்காரர் பேனாவை மூடி வைத்தார். எல்லாவற்றையும் கோட்டை விட்டோம் என்று நினைத்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்த வீரத்தை இதுவரை யாரும் பாராட்டவில்லை, அதனால் நானே இங்கே பாராட்டிக்கொள்கிறேன்.

அப்புறம் அவர் பேசினார். இனி வருவதைத் தமிழில் சொல்கிறேனே தவிர, நடந்தது முழுக்க ஸ்பானிஷ்தான்.

"மாலை வணக்கம். நான் இந்த ஹோட்டலில் இருபது வருடங்களுக்கும் மேலாகத் தங்கியிருக்கிறேன்."

மீசைக்காரர் நிமிர்ந்தார்.

"அறை நன்றாக இருக்கிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது. ஆனால் நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால் நீங்கள் முடித்துவிடுகிறீர்கள். பெரும்பாலும் சரியாகத்தான் முடிக்கிறீர்கள். சில சமயம் நான் வேறொன்று சொல்ல நினைத்திருந்தேன்."

ஸ்பானிஷிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் உண்டு. கல்யாணமாகி முதல்முறையாக அவர் என்னை 'நீங்கள்' என்றார். அது வரவேற்பாளருக்கான மரியாதை என்று தெரிந்தும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் விட்டுக்கொடுக்க முடியுமா? விருந்தாளி முடிக்கும்வரை காத்திருந்தால் இங்கே சாப்பாடு ஆறிவிடும் ஐயா என்றேன். ஆறட்டும், ஒரு நாளாவது ஆறியதைச் சாப்பிடுகிறேன் என்றார். ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார்.

பொத்தாம்பொதுவாகப் புகார் சொன்னால் எங்கள் ஹோட்டலில் ஏற்க மாட்டோம், உதாரணம் வேண்டும் என்றேன். உதாரணம் இருக்காது என்ற தைரியம்தான்.

"ஜன்னல் திரை" என்றார். "கடைக்காரர் என்னிடம் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார். எனக்குப் பச்சை பிடிக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு நீலம் பிடிக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹோட்டலாவது ஒன்றாவது. எங்கள் கூடத்தில் வருஷக்கணக்காகத் தொங்கும் பச்சைத் திரை அது. இவருக்குப் பிடித்த நிறமாயிற்றே என்று துவைத்துத் துவைத்து மாட்டுகிறேன்.

"எனக்குப் பச்சையே பிடிக்காது" என்றேன். "உங்களுக்காகத்தான் வாங்கினேன். ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் அதற்குள் பணம் கட்டிவிட்டீர்கள்."

அதற்குமேல் நான் வரவேற்பாளர் இல்லை, அவர் விருந்தாளி இல்லை. நான் ஒரு நாள்கூட உங்களுக்குக் கெடுதல் நினைத்ததில்லை என்றேன். நினைத்ததாக நான் சொல்லவேயில்லை, இதோ பார், இப்போதும் என் வாக்கியத்தை முடிக்கிறாய் என்றார். கோபத்தில் 'நீங்கள்' போய் 'நீ' வந்துவிட்டது. இரண்டு கடந்த காலங்களும் தாறுமாறாக வந்து விழுந்தன. நான் மேஜையைத் தட்டினேன். அவரும் தட்டினார். தட்டிவிட்டுத் தன் கையைத் தானே ஆச்சரியமாகப் பார்த்தார். இத்தனைக்கும் நடுவில் இரண்டு பேர் வாயிலிருந்தும் தமிழில் ஒரு சொல் நழுவவில்லை. சண்டை போடும்போதுகூட நழுவவில்லை. யோசித்துப் பாருங்கள், அது லேசுப்பட்ட காரியமா?

நேரம் முடியப்போகிறது, தீர்வு சொல்லுங்கள் என்று ஆசிரியை மெதுவாக நினைவூட்டினார். அப்போதுதான் இது தேர்வு என்பதே உறைத்தது. மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டேன்: ஐயா, இந்த ஹோட்டல் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?

அவர் யோசித்தார். நான் காத்திருந்தேன். இந்தத் தடவை என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

"நீ பாஸாக வேண்டும் என்று விரும்புகிறேன்" என்றார். "அந்த ஜன்னலோர இருக்கை உனக்குக் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நான் இங்கே வந்ததே அதற்குத்தான்."

மீசைக்காரர் ஏதோ எழுதினார். ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. இந்த மனுஷரோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன் என்று அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பாஸ். பிரமாதமான மதிப்பெண் ஒன்றும் இல்லை, நடுவாந்தரம். எங்கள் வகுப்பில் படித்த நர்ஸ் ஒருவரும் அவர் ஜோடியும்தான் முதலிடம். இலக்கணத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள், சண்டையில் யார் இலக்கணம் பார்ப்பார்கள்? அடுத்த வாரம் சான்றிதழோடு போய் அந்த மேஜையில் உட்கார்ந்தேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், சொல்ல வந்தது அதுவல்ல.

முடிவைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தோம். வெளி வாசலில் காவலாளி வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக வாரம் மூன்று மாலை அந்த வாசலைத் தாண்டியிருக்கிறோம், அவரிடம் என் கணவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு நின்றார். முன்பின் யோசிக்காமல் நின்றார்.

"இவங்க என் வீட்டுக்காரம்மா" என்றார். "ஸ்பானிஷ்ல பாஸ் பண்ணிட்டாங்க. வகுப்புலயே முதல் மார்க்."

காவலாளி எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தார். முதல் மார்க் நர்ஸுக்கு. என் நாக்கு துறுதுறுத்தது. இவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுப்பது தெரிந்தது, அதனால் நான் வணக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றேன்.