மூன்றாவது அடி

2003ஆம் வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மலைமேல் வளப்பூர் நாட்டுச் சந்தை மேட்டில் மூன்று ராக் குழுக்கள் வாசிக்க வந்திருந்தன. சினிமாப் பாட்டு கிடையாது. எல்லாம் அவர்களே கட்டியவை. கடைசிக் குழுவுக்கு டிரம்ஸ் பிரிசில்லா. மலையில் அரசாங்க நர்ஸாக இருந்த அமலோற்பவத்தின் மகள். எல்லோரையும் இங்கே இழுத்து வந்தவளும் அவள்தான்.

அவர்களுடைய இரண்டாவது பாட்டில், அந்தக் குழுவின் பாடகன் அசோக் தன் கிதாரை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தான். இரும்பை ரம்பத்தால் அறுப்பதுபோல ஓர் ஓலம் எழுந்தது. வேண்டுமென்றே எழுப்பியதுதான். கூட்டத்தில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். அடிவாரத்து லாரிக்காரர் அர்த்தனாரி, நல்ல போதையில், மேடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏண்டா, குத்துப்பாட்டு போடறயா, நா மேல ஏறி வரோணுமா?"

"எங்க பாட்டு மட்டுந்தாங்க," என்றான் அசோக் மைக்கில்.

அர்த்தனாரி ஏறி வந்தார். கிதாரைப் பிடுங்கி அசோக்கின் முகத்தில் அடித்தார். மூக்கு உடைந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. மல்லாந்து விழுந்தவனின் இடது கையை ஏறி மிதித்தார். கீழே கிடந்த மைக்கில் விரல் முறிந்த சத்தம் ஊருக்கே கேட்டது.

பிரிசில்லா சிம்பல் தட்டு மாட்டியிருந்த இரும்புத் தாங்கியைத் தூக்கினாள். முதல் அடி அவர் தோளில் விழுந்தது. திரும்பியவரின் நெற்றியில் இரண்டாவது. அவர் முழங்கால் மடிந்து சரிந்தார்.

"வேண்டாங் கண்ணு," என்று கையைத் தூக்கினார்.

அவளுக்கு நன்றாகக் கேட்டது. கேட்ட பிறகும் ஓங்கி, தூக்கிய அந்தக் கையிலேயே இறக்கினாள். நான்காவதுக்கு ஓங்கும்போது அமலோற்பவம் ஓடி வந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

"போதும்டி! செத்துருவான்!"

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அசோக்கும் அர்த்தனாரியும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். ஏட்டு விசாரிக்க வந்தார். பிரிசில்லா எழுந்து நின்றாள்.

"நாந்தாங்க அடிச்சேன். மூணாவது அடி, அவர் வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறம்."

அர்த்தனாரி பதறினார். "பொட்டப்புள்ள கையில அடி வாங்குனேன்னு எழுதிப்போடாதீங்க சார். ஊருக்குள்ள தலை காட்ட முடியாதுங்க. நா தடுக்கி உளுந்துட்டேன்."

"அப்ப அந்தத் தம்பி?"

அசோக் பிரிசில்லாவைப் பார்த்தான். அவள்மேல் கேஸ் வந்துவிடும் என்று பயந்தான். "நானும் விழுந்துட்டேன் சார்."

"பொய்!" என்று கத்தினாள் பிரிசில்லா. ஏட்டு நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

வராந்தாவில் அமலோற்பவம் கேட்டாள்: "அவங்களே விட்டாலும் நீ விடமாட்டியா?"

"அவர் கெஞ்சினப்ப எனக்கு நல்லா இருந்துச்சும்மா. அதான் பயமா இருக்கு."

அம்மா, "காலைல அந்தாளுக்குக் கட்டு மாத்தணும். வந்து அந்தக் கையைப் புடி," என்றாள்.

விடிந்ததும் பிரிசில்லா போனாள். அர்த்தனாரி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீங்கிய கையை மட்டும் அவளிடம் நீட்டினார்.