இரண்டு பைகளும் ஒரு கை எருவும்

நாமக்கல்லில் தனப்பிரியா வீட்டு மொட்டை மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது லேசான வேலை அல்ல. முதலில் தலை வார வேண்டும். பிறகு கைபேசியை அதன் தாங்கியில் மாட்டி, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் செடிக்குத் தண்ணீர். மாடித்தோட்டத்தைப் பற்றி அவள் போடும் வீடியோக்களைப் பார்க்க ஒரு கூட்டமே இருந்தது. தனப்பிரியா சொன்னால் சரியாக இருக்கும் என்ற பெயரும் இருந்தது. அந்தப் பெயரை அவள் நியாயமாகத்தான் சம்பாதித்திருந்தாள்.

இந்த முறை துணிப்பைகளை ஒப்பிடும் வீடியோ. பிளாஸ்டிக் பைகள் இந்த ஊர் வெயிலில் நைந்து கிழிந்துபோகின்றன. அதனால் கம்பளி போலத் தடித்த துணியில் தைத்த செடிப்பைகளுக்குப் பலரும் மாறிக்கொண்டிருந்தார்கள். மாடியில் ஒரு பக்கம் ஒரு பெரிய நிறுவனம் அனுப்பிவைத்த பைகள். இன்னொரு பக்கம் சேலத்தில் நிகத் என்ற பெண் வீட்டிலேயே தைத்து விற்கும் பைகள். இளம்பிள்ளைச் சேலைகளில் கழித்த கரைத் துண்டுகளை அவள் கைப்பிடியாக வைத்துத் தைத்திருந்தாள். இரண்டிலும் ஒரே மண்கலவை, ஒரே நாளில் நட்ட தக்காளி நாற்று.

நிறுவனத்து ஆள் போனில் ஆசை காட்டியிருந்தான். "எங்க பை நல்லதுன்னு வந்துச்சுன்னா, கோயம்புத்தூர் விவசாயக் கண்காட்சியில எங்க ஸ்டாலை நீங்கதான் மேடம் திறந்து வைக்கிறீங்க. வாசல்லயே உங்க போட்டோவைப் பெருசா வச்சிருவோம்." காசு தருகிறேன் என்றிருந்தால் அவள் முகத்தில் அடித்தாற்போல மறுத்திருப்பாள். போட்டோ என்றதும் மறுக்க வாய் வரவில்லை.

ஆனால் செடிகள் யார் பேச்சையும் கேட்பதில்லை. நிறுவனத்தின் பை மெல்லிய துணி. ஊற்றிய தண்ணீர் உச்சிவெயிலுக்குள் காய்ந்து, செடி துவண்டு நின்றது. நிகத்தின் பைகளில் தக்காளி பூத்துக் குலுங்கியது. தனப்பிரியா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கணவன் முருகானந்தம் லாரி பட்டறையிலிருந்து வந்ததும் கேட்டாள். "ஏனுங்க, உங்க அண்ணன் பண்ணையில இருந்து கொஞ்சம் கோழி எரு கொண்டாந்து தாங்க. பச்சையாவே வேணும்."

"பச்சை எருவா? மக்காம போட்டா செடி வெந்துபோயிருமே."

"அது தெரியாதுங்களா? மக்க வெக்கத்தான் கேக்கறேன்."

கோழிப்பண்ணைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். பச்சை எருவின் சூடு என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எரு வந்ததும் நிகத்தின் பைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு கை அள்ளி வைத்து மண்ணை மூடினாள். சில நாட்களில் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன.

வீடியோவில் அவள் அழகாகப் பேசினாள். "நான் ஒண்ணும் சொல்லலீங்க. ரெண்டு பைக்கும் ஒரே மண்ணுதான், ஒரே நாத்துதான். கருகி நிக்கறது எதுன்னு நீங்களே பாத்துக்குங்க." பொய் என்று பிடித்துக் காட்ட அதில் ஒரு சொல்லும் இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் எல்லாம் இருந்தது. இப்படிப் பேசத் தெரிந்தவர்கள் தங்களைப் பொய்யர் என்று எண்ணிக்கொள்வதே இல்லை.

முருகானந்தம் அந்த வீடியோவைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தான். "நான் கொண்டாந்த எரு நல்லாத்தான் வேலை செஞ்சிருக்குது" என்றான். அவள் குழம்பை எடுத்து வருவதுபோல் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் வாசலில் ஒரு பெண் பெரிய மூட்டையோடு நின்றாள். "அக்கா, நான்தான் நிகத். சேலத்துல இருந்து வர்றேன்."

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று தனப்பிரியா பதில்களைத் தயார் செய்தாள். ஒன்றுக்கும் தேவை ஏற்படவில்லை.

"உங்க செடியெல்லாம் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க அக்கா" என்றாள் நிகத். "நூல்ல இருக்கற சாயமா, துணியிலயே கோளாறான்னு புரியல. தச்சு வச்சிருந்த பையெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டேன். எங்கிட்ட வாங்கினவங்களுக்கு நானே போன் பண்ணி, அதுல செடி வைக்காதீங்கன்னு சொல்லிட்டேன். தப்புன்னு தெரிஞ்ச பிறகும் சும்மா இருக்கக்கூடாது இல்லையா?"

மூட்டையிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினாள். தையல் பிரித்த ஊசி குத்திக் குத்தி அவள் விரல் நுனிகள் புண்ணாகியிருந்தன. "இது அலசின துணி, வேற நூல். இதுல ஒரு தடவை நட்டுப் பாருங்க அக்கா. இதுலயும் கருகுச்சுன்னா மிஷினைக் கொடுத்துட்டு எங்கயாவது கடை வேலைக்குப் போயிடறேன்."

தனப்பிரியாவால் அந்தப் பையை வாங்க முடியவில்லை. தான் கெடுத்த பொருளுக்காக, அந்தப் பொருளைச் செய்தவள் தன்னிடமே மன்னிப்புக் கேட்கிறாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

"உம்பையில ஒரு குத்தமும் இல்ல, நிகத்" என்றாள். "பச்சைக் கோழி எருவை நாந்தான் அள்ளி வெச்சேன். அந்தக் கம்பெனிக்காரவிய பை ஜெயிக்கோணும்னு."

தனப்பிரியா கொண்டுவந்து வைத்த தண்ணீரை நிகத் தொடவில்லை. பிரித்த துணிகளை மடித்து மூட்டைக்குள் வைத்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"ஆர்டர் போனா இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வரும் அக்கா. என் கைவேலையில எனக்கே சந்தேகம் வர வச்சுட்டீங்களே. மிஷின் முன்னால உக்காரவே பயமா இருந்துச்சு. நீங்க சொன்னா சரியா இருக்கும்னு மத்தவங்களை மாதிரி நானும் நம்பினேன்."

அவள் கிளம்பிப் போன பிறகு தனப்பிரியா மாடிக்கு ஏறினாள். கருகிய செடி ஒன்றைப் பிடுங்கி, வேரோடு ஒட்டியிருந்த எருவைக் கேமராவுக்கு நேரே காட்டி, செய்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பார்ப்பவர்கள் காறித் துப்புவார்கள் என்று தெரிந்தே சொன்னாள்.

"நாலு பேர் நம்பற எடத்துல நின்னுக்கிட்டு, இது நல்லது, இது கெட்டதுன்னு சொல்றவ ஒரு சாட்சிங்க. சாட்சி வெலை போனா ஏமாறுறது வாங்கறவங்க மட்டும் இல்லீங்க. ஒழுங்கா வேலை செஞ்சவ, தப்பு தம்மேலதான்னு நெனச்சு கூனிக்குறுகிப் போயிடறா. கூனிக்குறுக வேண்டியவ நானுங்க."