பஸ் டிக்கெட்டை ஓலையாக்கியவர்

“இத எந்தப் புத்தகத்துலேர்ந்து எடுத்தே?”

மாமா இப்படிக் கேட்டபோது நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மாமா என்றால் என் அக்காவின் கணவர். அவர் கையில் என் நோட்டு இருந்தது. நான்கு வருடமாக யார் கண்ணிலும் படாமல் நான் வைத்திருந்த நோட்டுகளில் ஒன்று. அவர் குரலில் சந்தேகமே இல்லை. புத்தகத்திலிருந்துதான் எடுத்திருக்கிறேன், எது என்று மட்டும் தெரிந்தால் போதும். அதையும் எப்போது கேட்கிறார்? இரண்டாயிரம் பேருக்கு வாசித்துக் காட்டி, பாராட்டெல்லாம் வாங்கி, நல்ல சட்டையைக் கழற்றி மாட்டிய பிறகு.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். கோபத்தில் எழுதினால் எனக்கு வரிசை தப்பிவிடுகிறது.

மாமாவுக்குத் தண்ணீர் இலாகாவில் மீட்டர் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வேறு ஆள். முன்னறையில் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, இணையத்தில் வரலாறும் இலக்கியமும் பேசுவார். கடைக்காரரும் நர்சும் டிரைவரும் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி பேசுவார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் மறுக்கவில்லை. கேட்பவர்கள் அவரைப் ‘பேராசிரியர் ஐயா’ என்று எழுதுவார்கள். அவர் எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியதில்லை. அப்படி எழுதியவர்களைத் திருத்தியதும் இல்லை.

அக்கா கணினி முன்னால் உட்கார்ந்து ஆட்களை உள்ளே விடுவாள். குறுக்கே பேசுகிறவர்களின் மைக்கை அடைப்பாள். என் வேலை வேறு. நூலகத்திலிருந்து வரும் புத்தகங்களை முழுக்கப் படித்து, அவர் வாசிக்கக்கூடிய இடங்களைப் பெரிய எழுத்தில் நோட்டில் எடுத்து எழுதித் தர வேண்டும். ஒரு பேச்சுக்கு ஒரு நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சிவப்பு மையில் புத்தகத்தின் பெயர், பக்க எண். மாமா புத்தகங்களைப் படிப்பதில்லை. என் நோட்டுகளைப் படிப்பார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அம்மா படுக்கையில் விழுந்த வருடம் வீட்டில் ஒருத்தி இருக்க வேண்டியிருந்தது. அக்காவுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். அதனால் நான். அம்மா போன பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நான்கு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாமா என்னை ‘மியூட்டு’ என்றுதான் கூப்பிடுவார். “மியூட்டு, தண்ணி கொண்டா.” “மியூட்டு, அடுத்த வாரத்துக்கு நோட்டு ரெடியா?”

வார நாட்களில் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். கறை பட்டதைக் கையால் அலசி இயந்திரத்தில் போடுவோம், காய்ந்து வந்ததை மடித்து அடுக்குவோம். அங்கே பார்த்ததைச் சாப்பாட்டு இடைவேளையில் எழுதுவேன். மாமாவுக்கு எழுதும் அதே ரக நோட்டுதான். வேறு நோட்டு வாங்கினால் எதற்கு என்று கேள்வி வரும். அதில் சிவப்பு மை மட்டும் இருக்காது. அந்த நோட்டுகள் முன்னறை இஸ்திரி மேசைக்கு அடியில் ஒரு துணிப்பைக்குள் இருந்தன. அந்த ஞாயிறு, கேமராவில் பை அசிங்கமாகத் தெரிகிறது என்று அக்கா எல்லா நோட்டையும் எடுத்து ஒரே அடுக்காக மாமாவின் பக்கத்தில் வைத்துவிட்டாள். அன்றைய பேச்சு பழங்காலப் போர்களில் பெண்கள் பட்ட பாடு. மாமா மேலே இருந்த நோட்டை எடுத்தார்.

நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

“இன்றைக்கு வந்த மூட்டையில் ஒரு சட்டை இருந்தது. கழற்றிய சட்டை இல்லை, வெட்டி எடுத்த சட்டை. இரண்டு கையும் தனித்தனி. அலசச் சொன்னார்கள். இனி யார் போட்டுக்கொள்வார்கள் என்று நான் கேட்கவில்லை. பையில் ஒரு பஸ் டிக்கெட். திரும்பி வருவதற்கும் சேர்த்து எடுத்திருக்கிறான். மூன்று தண்ணீர் மாற்றினேன். நாலாவது தண்ணீர் தெளிந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதோடு அவன் முழுசாகப் போய்விட்டான்.”

மாமா கேமராவைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக் குரலில் தொடங்கினார். “அன்பு நெஞ்சங்களே! இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு போர்முகாமில் வீரர்களின் துணி வெளுத்த ஒரு பெண். பெயர் தெரியாது. ஊர் தெரியாது. அவள் சொற்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன.” அப்புறம் வாசித்தார். பையில் ஓர் ஓலை இருந்தது என்றார். திரும்பி வருவேன் என்று அவன் அதில் எழுதியிருந்தான் என்றார்.

தண்ணீர்ச் செம்போடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். செம்பு கை நழுவாதது பெரிய காரியம்.

திரையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். கல்லூரியில் பாடம் நடத்தும் ஓர் அம்மா மைக்கைத் திறந்தார். எல்லா வாரமும் வருகிறவர். “ஐயா, எனக்குப் பேச்சே வரல. அந்தப் பொண்ணு இன்னிக்கு உயிரோட இருந்தா நேர்ல போயி அவ கையைப் பிடிச்சுக்குவேன்” என்றார். பெயர் தெரியாத பெண்களின் வார்த்தைகளைச் சேர்த்து அவர் ஒரு புத்தகம் போடுகிறாராம். அச்சுக்குப் போகத் தயாராம். இதை முதல் பக்கத்தில் வைக்க வேண்டும், மூலம் எங்கே கிடைத்தது என்று அடுத்த ஞாயிறு சொல்லுங்கள் என்றார்.

அதற்காகத்தான் மாமா சமையலறைக்கு வந்தார்.

“நான் எழுதினது” என்றேன்.

“எழுதினது நீதாம்மா, கையெழுத்து தெரியாதா எனக்கு? புத்தகம் எது?”

“புத்தகம் இல்ல மாமா. நானே எழுதினது.”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். “ஏய், இங்க வா, உன் தங்கச்சியப் பாரு. மியூட்டு ஜோக்கெல்லாம் அடிக்குது!”

கையைக் கழுவிக்கொண்டு போய் மற்ற எட்டு நோட்டுகளையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். நின்றபடியே புரட்டினார். இரண்டாவது நோட்டில் சிரிப்பு நின்றது. நான்காவதில் உட்கார்ந்தார்.

“அப்போ அந்த பஸ் டிக்கெட்டு?”

“பஸ் டிக்கெட்டுதான்.”

“அடக் கடவுளே! நீ காப்பி பண்றப்போ தப்பு விட்டுட்டேன்னுல்ல நெனச்சேன். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஏது பஸ்ஸு? அதான் ஓலைன்னு திருத்தினேன்.”

“இருநூறு வருஷம்னு யாரு சொன்னா?”

மாமா முதல் நோட்டைத் திரும்ப எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். டிக்கெட் என்று கொட்டை எழுத்தில் கண்ணெதிரே இருக்கிறது. அப்போதும் இந்த மனிதருக்கு, வீட்டில் வெங்காயம் உரிக்கிற மச்சினி எழுதியிருப்பாளோ என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. இருநூறு வருடம் பின்னால் போய் ஒருத்தியைப் பிடித்துவந்தார். அந்தச் சட்டைக்காரனிடம் கடைசியாக மிஞ்சியது அந்த டிக்கெட் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டார்.

“அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க மாமா. தப்பாப் போச்சுன்னு.”

“என்னன்னு சொல்றது? மச்சினி நோட்ட எடுத்து வரலாறுன்னு வாசிச்சுட்டேன்னா? அடுத்த வாரம் ஒரு ஈ காக்கா வராது.”

அக்கா என் தோளைத் தொட்டாள். “விடுடி. எல்லாரும் நல்லா இருக்குன்னுதான சொன்னாங்க? உனக்கு என்ன கொறஞ்சுபோச்சு?”

“நான் செத்துப்போயிட்டேன்னு அச்சடிக்கப் போறாங்கக்கா.”

“பேரே இல்லையே, உன்ன யாரு சொன்னா?”

அதுதானே என் வழக்கே. என் சொந்த அக்காவுக்கு அது விளங்கவில்லை.

மாமா அதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டார். “ஒரு குடும்பத்துல பத்திரமா வெச்சிருக்காங்கன்னு சொல்லிடறேன். பொய்யும் இல்ல பாரு, நம்ம குடும்பந்தானே?” ஐந்தாவது நோட்டை விரலால் தட்டினார். “இதுலயும் நாலஞ்சு பக்கம் தேறும் போல இருக்கே. அந்த பில்டிங், லிஃப்ட்டு எல்லாத்தையும் எடுத்துட்டா...”

ஒன்பது நோட்டையும் அவர் கையிலிருந்து பிடுங்கினேன். என் வாழ்க்கையில் நான் ஒருவரிடமிருந்து பிடுங்கிய முதல் பொருள் அதுதான்.

அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் நான் மடித்த விரிப்புகள் கத்தி மாதிரி இருந்தன. “யார் மேலம்மா கோவம்?” என்று மேற்பார்வை அக்கா கேட்டார். சிரித்து மழுப்பினேன். வீட்டில் நான் அடுத்த பேச்சுக்கு நோட்டு எழுதவில்லை. மாமா பழைய நோட்டு ஒன்றைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு பத்து மணி. பேச்சு முடிந்ததும் கல்லூரி அம்மா மைக்கைத் திறந்தார். மாமா குடும்பம், பத்திரம், பரம்பரை என்று அளந்தார்.

“மூலத்தை நீங்க பாத்தீங்களா ஐயா?”

“நான் பாக்கலைங்க. என் மனைவியோட தங்கை பிரதி எடுத்தாங்க. ரொம்பக் கூச்ச சுபாவம். பேசமாட்டாங்க.”

அவர் அந்த அளவுக்கு என்னை நம்பியிருந்தார்.

“ஒரு வார்த்தை பேசட்டுமே” என்றார் அந்த அம்மா.

மாமா சிரித்துக்கொண்டே கதவுப் பக்கம் கையைக் காட்டினார், நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடிவிடுவேன் என்று. நான் நடந்து போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். திரையில் என் முகம் கோணலாக, பாதி மட்டும் தெரிந்தது. கணினியில் அக்காவின் விரல் மைக்கை அடைக்கும் இடத்துக்குப் போய் நின்றதைப் பார்த்தேன்.

“சட்டைப் பையில இருந்தது ஓலை இல்லம்மா” என்றேன். “பஸ் டிக்கெட்டு.”

“அன்பு நெஞ்சங்களே, ஒரு சின்ன...” என்று மாமா குறுக்கே வந்தார்.

“பொறுங்க மாமா. இருநூறு வருஷம் இல்லம்மா, போன வருஷம். போர் இல்ல, ஆஸ்பத்திரி. விபத்துல வந்த ஆளோட சட்டை. நான் அங்க துணி அலசுறேன். எழுதினது நான். அச்சுல போடறதுன்னா டிக்கெட்டோட போடுங்க, எம் பேரப் போடுங்க. இல்லன்னா போடாதீங்க.”

அக்காவின் விரல் அங்கேயே இருந்தது. அழுத்தவில்லை. ஏன் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

திரையின் பக்கவாட்டில் கேட்பவர்கள் எழுதிய வரிகள் ஓடின. ‘ஐயா, இது உண்மையா?’ ‘நாடகமா?’ ‘அந்தப் பொண்ணு நடுங்குது, உக்கார வைங்க.’ மாமா தன் குவளையை எடுத்து, காலி என்று தெரிந்தும் குடித்தார்.

கல்லூரி அம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். “எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

“ஒன்பதாவது.”

அவர் முன்னால் காகிதக் கட்டு ஒன்று இருந்தது, அச்சுக்குப் போக வேண்டிய அந்தப் புத்தகமாக இருக்கும். அதில் மேலே இருந்த முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கை கேமராவை நோக்கி நீண்டது. உள்ளங்கை ஒரு நொடி திரையை மறைத்தது. அவர் இருந்த கட்டம் போய்விட்டது; பக்கத்துக் கட்டங்கள் நகர்ந்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டன.