தெருவில் பொங்கிய பால்

என் தம்பி சாய்குமாருக்குப் பொறுமை கிடையாது. எனக்கு அதுவும் கிடையாது, வாயும் நீளம். வண்டியூர்ப் பக்கம் பள்ளத்தை மேடாக்கி விற்ற மனையில் அவன் வீடு கட்டினான். கட்டும்போதே கூடத்தில் லேசாக ஒரு வாடை. "எதிர்த்த சாக்கடைதான்க்கா, காத்துல வருது" என்பான். எனக்கு மனசு ஒப்பவில்லை. மண்ணிலிருந்து கிளம்பும் வாயுக்களை அளப்பதுதான் என் வேலை. பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என் அளவுப் பெட்டியைக் கூடத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். அப்புறம் எங்கே தூக்கம்?

விடியுமுன் சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்கியது. நல்ல நேரம் வரும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்பது பெரியவர்கள் உத்தரவு. வாசலில் நின்றபடியே பெட்டியின் அளவுகளைச் செல்போனில் பார்த்தேன்.

மண்ணுக்குள் ரேடான் என்று ஒரு வாயு தானாகவே ஊறிக்கொண்டிருக்கும். வெளிக்காற்று புகுந்தால் அது கலைந்து குறைந்துவிடும். வாடை சாக்கடையிலிருந்து காற்றில் வருவதானால், அது கூடும் நேரத்தில் ரேடான் குறைந்திருக்க வேண்டும். இங்கே ரேடானும், குப்பை வாடையோடு கிளம்பும் எரிவாயுவான மீத்தேனும் சேர்ந்தே ஏறியிருந்தன. இரண்டும் தரைக்கு அடியிலிருந்துதான் வருகின்றன. மண் என்று சொல்லிக் குப்பையைக் கொட்டிப் பள்ளத்தை மூடியிருக்கிறான் மனையை விற்ற பாவி. மக்கும் குப்பையின் மீத்தேன் பூட்டிய வீட்டில் சேர்ந்துகொண்டிருந்தது. ஒரு தீக்குச்சி போதும்.

வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். சண்டை என்றால் தமிழுக்கு வந்துவிடுவோம்.

"உள்ள அடுப்பு பத்த வைக்கக் கூடாது சாய். தரையில இருந்து கேஸ் வருது."

"இன்னைக்குமாக்கா உன் ஆராய்ச்சி? இம்புட்டு நாளா வேலை நடந்துச்சு, யாருக்கு என்ன ஆச்சு?"

"அப்பக் கதவு, சன்னல் எதுவும் மாட்டலடா. இப்பத்தான் மூடிக் கெடக்கு."

"நேரம் தப்புதுங்க" என்றாள் அவன் மனைவி ராதாமணி, பால் பானையை இடுப்பில் ஏந்தியபடி. சாய் சாவியோடு படியேறினான். நான் கதவை மறித்து நின்றேன். அபசகுனம் என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது. எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

"சரி, தீப்பெட்டிய என்கிட்ட குடு. நீங்க எல்லாரும் தெருமுனைக்குப் போங்க. நான் ஒருத்தியே உள்ள போயிப் பத்த வைக்கிறேன்."

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. சாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் இருந்த அடுப்பைத் தானே தூக்கிப்போய் நடுத்தெருவில் வைத்தான்.

பால் கிழக்கே பொங்கியது. அதுபோதும் என்று சொந்தக்காரர்கள் சமாதானமானார்கள். சாய் மட்டும் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே பள்ளத்தில் எழுந்த வீடு. கைக்குழந்தையோடு சின்னத்தாய் குடிவந்து சில நாள்தான் ஆகிறது. கொசுவுக்குப் பயந்து சன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தாள். உள்ளே அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம்.

"அக்கா" என்றான். முகம் வெளுத்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

"பெல்ல அமுக்காத, பொறி பறக்கும், கையால தட்டு" என்று கத்திக்கொண்டே நானும் ஓடினேன்.