காரைப் பிடித்த மேசை

என் மகள் வேலை செய்கிற மேசை ஒருமுறை ஒரு முழுக் காரைப் பிடரியில் பிடித்து நிறுத்தியது. கார் உறுமிப் பார்த்தது, புகை கக்கிப் பார்த்தது, இம்மியும் நகர முடியவில்லை. பெரிய மனிதர்கள் மூன்று பேர் காருக்குள் ஏறி உட்கார்ந்து சமாதானம் பேசிய பிறகுதான் மேசை மனமிரங்கிப் பிடியை விட்டது.

இதை முடிதிருத்தும் கடையில் எப்போது சொன்னாலும் கத்தரிக்கோல் ஒரு நொடி நிற்கும். பிறகு கடையே சிரிக்கும். ரிட்டயரான ஆள், வீட்டில் பேச்சுத்துணை இல்லை, இங்கே வந்து அளக்கிறார் என்று நினைப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்த என் மச்சானே, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல மாப்ள" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். சாட்சியே பல்டி அடித்தால் வழக்கு என்ன ஆகும்? அதனால் ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கார் ஷெட் பெரியது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பூனை உள்ளே போனால் திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே நடந்து வெளியே வரும். அந்த லட்சணத்தில் அதற்குள் எங்கள் பழைய காரும், காரைச் சுற்றி என் மனைவியின் சேமிப்பும் இருந்தன. கால் உடைந்த கட்டில், கட்டில் இல்லாத கால், கல்லாகிப்போன பெயின்ட் டப்பாக்கள், எந்த வீட்டுக்கும் பொருந்தாத இரண்டு கதவுகள். எதைத் தொட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்: "இருக்கட்டும், எதுக்காவது உதவும்." ஷெட் நிரம்பியதும் சேமிப்பு காரின் பின்சீட்டுக்குக் குடியேறியது. பழைய பத்திரிகைக் கட்டுகள், அரை மூட்டை சிமென்ட், இரும்புத் துண்டுகள், தையல் மிஷினின் அடிப்பாகம். பல வருஷமாக எங்கள் கார் இரண்டு பேர் மட்டும் போகும் கார். பின்சீட்டு வீட்டின் இன்னொரு அலமாரி. பின்புறம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு, யாரையும் மதிக்காத பணக்காரி மாதிரி தெருவில் போகும்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் வேலை பார்த்த சக்கர நாற்காலிக் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. சக்கரத்தைக் காதால் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லுகிற பெண் அவள். தொலைதூர நகரம் ஒன்றில் வேலை தயாராக இருந்தது. ஆனால் இங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் உடைந்த நாற்காலிகள் ஒரு கிடங்கு நிறையக் கிடந்தன. தொடர்ந்து பழுதுபார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். ஒரு நிபந்தனை. வேலை செய்ய ஒழுங்கான இடம் வேண்டும், கிடங்குப் பொறுப்பாளர் அம்மா நேரில் வந்து பார்ப்பார், ஆடுகிற மேசையில் பார்த்த வேலை நோயாளியைக் கீழே தள்ளும் என்பது அவர் கொள்கை.

மகள் சாப்பிடும்போது அதிகம் பேசாதவள். அன்று தட்டைப் பார்த்தபடியே சொன்னாள், "இடம் அமைஞ்சா இங்க இருப்பேன்பா. இல்லன்னா திங்கக்கிழமை ரயில்."

என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே பாத்திரங்கள் பட்ட அடி எனக்குத்தான் தெரியும்.

மச்சானை வரவழைத்தேன். என் மனைவியின் அண்ணன், கட்டட ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் பேனா இல்லாமல் வருவார், டேப் இல்லாமல் வரமாட்டார். ஆள் கொஞ்சம் கனம். எங்கள் வீட்டு நாற்காலிகள் அவர் குரலைக் கேட்டாலே காலைச் சேர்த்துக்கொள்ளும். ஷெட்டை நீளம், அகலம், குறுக்கு என்று அளந்தார். காரை அளந்தார். என்னையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து அளந்தார்.

"காரை வித்துடு, இல்ல பொண்ண ரயில் ஏத்து. ரெண்டும் இதுக்குள்ள நடக்காது மாப்ள. எழுதி வச்சுக்கோ."

எங்கள் தெருவில் பகலில் வாசலில் வண்டியை நிறுத்தலாம். ராத்திரி நிறுத்தினால் குப்பை லாரி திரும்பாது, தெருவே நம்மைத் திட்டும். ஆகவே இரவில் கார் உள்ளே வந்தாக வேண்டும். காரை விற்கவும் முடியாது. ஆஸ்பத்திரிக்கு நாற்காலிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க அதுதானே வாகனம்.

மச்சான் ஒன்றை மறந்துவிட்டார். நான் பஸ் டிப்போவில் ஆயுள் முழுக்க வண்டி அடுக்கியவன். நாற்பது பஸ் நிற்கிற முற்றத்தில் அறுபது பஸ்ஸை நிறுத்தி, நடுவில் ஆட்கள் உட்கார்ந்து டீ குடிக்க இடம் விட்டவன். மழை பெய்தால் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் துளி விழாது, அவ்வளவு நெருக்கம். அந்தத் தொழிலுக்கு ஒரே வேதம்தான். காலையில் முதலில் புறப்படுகிற வண்டி ராத்திரி கடைசியில் வந்து நிற்க வேண்டும். எதை எப்போது எடுப்போம் என்று தெரிந்தால் எதையும் எங்கேயும் அடுக்கலாம்.

ஷெட்டையும் அப்படித்தான் அடுக்கினேன். வருஷத்துக்கு ஒருமுறை தேவைப்படுவது கூரையடிப் பரணில். மாதம் ஒருமுறை என்றால் கதவு நிலைக்கு மேல். தினமும் கை தேடும் ஸ்பானரும் சுத்தியலும் பின்சுவரில் பலகை அடித்து, ஆணியில், ஒவ்வொன்றின் உருவத்தையும் பின்னால் வரைந்து. எந்த வீட்டுக்கும் பொருந்தாத கதவுகள் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போல்ட் போட்டேன். அதுதான் மேசை. அதன் கீழ் ஆங்கிள் இரும்புச் சட்டம், சட்டம் பின்சுவருக்குள் பதித்தது. கால்கள் கிடையாது. ஏன் கிடையாது? அங்கேதான் என் மூளை. கார் ரிவர்ஸில் வரும், அதன் டிக்கி மேசைக்கு அடியில் நுழைந்து தூங்கும். பகலில் கார் வெளியே போனதும் தரை முழுக்க மகளுக்கு.

ஒரே சிக்கல் உயரம். மேசை உயர்ந்தால் மகளின் தோள் நோகும், தாழ்ந்தால் டிக்கி நுழையாது. மகள் அவள் அம்மா வழி, நல்ல உயரம். இருந்தாலும் டிக்கிக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு விரல்தான் விட முடிந்தது. டிப்போக்காரனுக்கு ஒரு விரல் என்பது மைதானம். மச்சான் நான்கு விரல் விடச் சொன்னார். நான் மறுத்ததும் ரோஷத்தில் தானே குனிந்து, டிக்கியின் உயரத்தை அளந்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டார். "என் கோடு தப்பாது. உன் மேசைதான் விழும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கார் உள்ளே போனது. உறையில் கத்தி போவதுபோலப் போனது. மகள் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை என் மனைவிக்கு ஒரு ஞானோதயம். அன்று இடம் பார்க்க வருகிற ஆஸ்பத்திரி அம்மா காரின் பின்சீட்டைப் பார்த்தால், இந்தக் குப்பைக்காரர்களிடமா வேலையைக் கொடுப்பது என்று நினைத்துவிட்டால்? வாசலில் பழைய இரும்புக்காரரின் வண்டி வேறு போனது. நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் பத்திரிகை, சிமென்ட், இரும்பு, தையல் மிஷின் எல்லாம் கார்க் கதவு வழியாக வெளியேறி, வண்டியேறி, தெருமுனை தாண்டிவிட்டன. கல்யாணமான நாளிலிருந்து ஒரு உடைந்த பொத்தானைக்கூட எறியாதவள், பெண் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று எல்லாவற்றையும் எறிந்தாள்.

பாரம் இறங்கியதும் கார் என்ன செய்யும்? பல வருஷமாக அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங்குகள், அப்பாடா என்று நிமிர்ந்தன. டிக்கி எழுந்து மேசையின் அடிச்சட்டத்தில் முட்டியது. பலகையில் மாட்டியிருந்த ஸ்பானர்கள் எல்லாம் கிணுகிணுவென்று மணியடித்தன. நான் ஸ்டார்ட் செய்து மெல்ல நகர்த்தினேன். கார் ஒரு அடி வைக்க, சட்டம் டிக்கியின் விளிம்பைக் கவ்விக்கொண்டு நின்றது. மேலும் அழுத்தினால் டிக்கி கிழியும், அல்லது மேசை சுவரோடு வரும். மச்சான் அளந்தது பாரத்தோடு இருந்த காரை. அவர் கோடு துல்லியம்தான். கார்தான் வேறு.

"ஜாக்கி வச்சு ஏத்தலாம்பா" என்று ஆரம்பித்த மகள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஏற்றுவதுதானே பிரச்சினையே. இறக்க ஜாக்கி எங்கே கிடைக்கும்? பின்சக்கரக் காற்றைப் பிடுங்கலாம் என்று நான் குனிந்தேன். பின்சக்கரங்கள் இரண்டும் சுவருக்கும் பரண் தூணுக்கும் நடுவில். நான் இடம்விடாமல் அடுக்கிய அழகில் என் கையே போகவில்லை.

மகள் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பெட்டி கூடத்தில் கட்டித் தயாராக இருந்தது. என் மனைவி முந்தானையைச் சுருட்டியபடி, "ஒரு நாள், ஒரே ஒரு நாள் தூக்கிப்போட்டேங்க" என்றாள்.

அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு மச்சான் வந்தார். வெள்ளை வெளேரென்று இஸ்திரி போட்ட சட்டை. மேசை விழுவதைப் பார்க்க வந்திருக்கிறார். எனக்கு அவர் மச்சானாகத் தெரியவில்லை. இரண்டு காலில் நடந்து வரும் அரை மூட்டை சிமென்ட்டாகத் தெரிந்தார். சிமென்ட் மட்டுமா, இரும்பு, தையல் மிஷின், எல்லாம் சேர்ந்தே வந்தது.

"மச்சான், பின்சீட்டுல ஏறுங்க."

"எங்க போறோம்?"

"எங்கயும் போகல. சும்மா உக்காருங்க."

காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். முதலில் தன் அளவு தப்பில்லை என்று ஒரு வாதம். பிறகு தன் எடையை இப்படிப் பயன்படுத்துவது மரியாதை இல்லை என்று ஒரு வாதம். மகள் போய் அவர் கையைப் பிடித்து, "மாமா, ப்ளீஸ்" என்றாள். மனுஷன் அத்தோடு அடங்கினார். சுவருக்கும் காருக்கும் நடுவில் மூச்சை இழுத்துப் பிடித்து நுழைந்தார். சுண்ணாம்பு முழுக்க அவர் சட்டைக்கு வந்தது, சுவர் சுத்தமானது. ஏறி உட்கார்ந்தார். கார் "உம்" என்றது. பக்கத்தில் என் மனைவியும் ஏறினாள். மகள் குனிந்து பார்த்து, காகிதம் நுழையும் இடம் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள்.

அந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆஸ்பத்திரி அம்மா. கையில் சோதனைக்காக உடைந்த சக்கர நாற்காலி ஒன்று. உள்ளே எட்டிப் பார்த்தார். ஓடாத காரில் என் மனைவியும் மச்சானும் உல்லாசப் பயணம் போவதுபோல உட்கார்ந்திருந்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வணக்கம் சொன்னேன்.

மகள் ஓடிப்போய் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைச் சுவரோரம் சாய்த்தார், கைப்பையை மகளிடம் கொடுத்தார், "கொஞ்சம் நகருங்க சார்" என்று மச்சானைத் தள்ளிவிட்டுத் தானும் ஏறிக் கதவைச் சாத்தினார். மச்சான் நடுவில் மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். வானம் இருக்க வேண்டிய இடத்தில் என் பரண் இருந்தது.

கார் தாழ்ந்தது. நான் டிப்போவில் கற்ற அத்தனையையும் ஒரு பாதத்தில் வைத்து கிளட்சை விட்டேன். கார் சத்தமில்லாமல் நழுவி வெளியே வந்தது. மேசையில் ஒரு ஸ்பானர்கூட ஆடவில்லை.

அந்த அம்மா இறங்கி நேரே உள்ளே போனார். காலியான தரையில் நாற்காலியை ஒரு வட்டம் சுற்றினார், எங்கும் இடிக்கவில்லை. பலகையில் வரைந்த உருவங்களைப் பார்த்தார், ஒரு ஸ்பானரை எடுத்துத் திரும்ப மாட்டினார். பிறகு மேசையின் விளிம்பைப் பிடித்து உலுக்கினார். தொங்கிக்கூடப் பார்த்தார். சட்டத்தில் காரின் பெயின்ட் ஒரு கோடு ஒட்டியிருந்தது, அதை நகத்தால் சுரண்டினார்.

"ஒரு காரையே பிடிச்சு வச்ச மேசை. என் நாற்காலிய விட்டுடுமா?" என்றார் மகளிடம். "நாளைக்கு பத்து அனுப்பறேன். எனக்கு சீக்கிரம் வேணும், ஆனா அவசரமா வேண்டாம்."

மகள் தலையாட்டினாள். என் மனைவிதான் காருக்குள் இருந்தபடியே பேசினாள். "பாத்தீங்களா, பின்சீட்டுல இருந்ததெல்லாம் எதுக்கோ உதவிக்கிட்டுதான் இருந்திருக்கு. நான் அப்பவே சொன்னேன்."

பெட்டி அன்றே பிரிக்கப்பட்டுப் பரணில் ஏறியது, வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் வரிசையில். மேசையை நான்கு விரல் உயர்த்தி, மகள் நிற்க ஒரு பலகை போட்டேன். நான்கு விரல் என்று முதலில் சொன்னது யார் என்ற பேச்சையே நான் எடுப்பதில்லை. மச்சானும் எடுப்பதில்லை. எடுத்தால் பின்சீட்டுக் கதையும் கூடவே வருமே.

போன வாரம் வரை இதுதான் நிலைமை. அன்று முடிதிருத்தும் கடையில் முகம் முழுக்க நுரையோடு மச்சான் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் பெஞ்சில். அந்த நாற்காலிக்குச் சில நாளாக ஒரு வியாதி. உயர்த்தி வைத்தால் ஆளோடு மெல்லக் கீழே இறங்கிவிடும். மச்சானோடு கொஞ்சம் வேகமாகவே இறங்கியது. என் மகளிடம் கொடுத்தால் சரிசெய்வாள் என்றேன்.

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "கார் ஷெட்ல வச்சு பாக்கற வேலைதானே சார். மேசையே ஆடிக்கிட்டு இருக்கும். பெரிய கம்பெனிக்கு அனுப்பிக்கறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆடாது."

கடைக்காரர் கத்தியை நிறுத்தினார்.

"அந்த மேசை ஒரு காரைப் பிடிச்சு நிறுத்துச்சு. இவன் சொல்றது பொய்யில்ல." மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துச் சொன்னார். "பின்சீட்டுல நடுவுல உக்காந்திருந்தது நான்தான்."