நீச்சல் தெரியாதவர்களை ஏற்றாத படகு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கைத்தவறுதலால். போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து சேலத்துக்கு வீடு மாற்றினேன். சாமான் ஏற்றிவர லாரி பிடித்துக் கொடுத்தது சங்ககிரியில் ஒரு புக்கிங் ஆபீஸ். அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட சரிதா என் எண்ணைத் தன் போனில் 'மலர்விழி' என்று பதிந்து வைத்தாள். அவளுடைய நாத்தனார் பெயரும் மலர்விழி. சில மாதம் கழித்து ஒரு காலையில், 'அந்தமான் போறோம்' என்ற வாட்ஸப் குழுவுக்குள் நான் இருந்தேன்.

உடனே கூப்பிட்டுச் சொன்னேன். "தப்பான ஆளைச் சேர்த்துட்டீங்க. நான் வீடு மாத்தின மலர்விழி."

சிரித்தாள். பிறகு, "ஏனுங்க்கா, நீங்க கதையெல்லாம் எழுதுவீங்கல்ல? பொட்டி பொட்டியா பொஸ்தகந்தான ஏத்துனோம்" என்றாள்.

"எழுதுவேன்."

"அப்ப வெளிய போயிராதீங்க. இருந்து பாருங்க. நாங்க நெசமாவே போறமா இல்லையான்னு பாக்கறதுக்கு ஊட்டு ஆளு இல்லாம ஒருத்தர் வேணும்."

இருந்து பார்த்தேன். பார்த்ததும், பிறகு சரிதா சொன்னதும்தான் கீழே இருப்பவை. சில வாக்கியங்கள் மட்டும் நானாகப் போட்டவை. அவற்றில் பாதியை அவளே படித்துவிட்டு எடுக்கச் சொன்னாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'கடல் அன்று கண்ணாடியைப் போல அசையாமல் —'

நிறுத்திவிட்டேன். அந்தக் கடலை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது: 'சரிதா ஒரு சாதாரணக் குடும்பப் பெண்.' இது பொய். சங்ககிரியில் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கௌஹாத்தி போகிற வழியில் எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, நாக்பூரில் இறக்கிய வண்டிக்கு எங்கே ரிட்டர்ன் லோடு கிடைக்கும் என்று சொல்கிறவள் எப்படிச் சாதாரணப் பெண் ஆவாள்? அவள் கணவர் பூபதி சொந்த லாரி ஓட்டுகிறவர். காஷ்மீர் ஆப்பிள் ஏற்றியிருக்கிறார், அஸ்ஸாம் தேயிலை ஏற்றியிருக்கிறார். அவர் போகாத மாநிலமே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். லாரி போக முடியாத ஊர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை.

எங்கே தொடங்குவது என்று சரிதாவையே கேட்டேன். "பவானியில தொடங்குங்க்கா" என்றாள்.

பவானிக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பூபதிக்கு இளவழகன் என்று ஒரு தம்பி இருந்தான். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த வயதில், தங்கள் தோட்டத்துக் கிணற்றிலேயே குதித்தவன் மேலே வரவில்லை. பூபதி திரும்பத் திரும்ப முங்கித் தேடி அவனை எடுத்து வந்தார். எடுத்து வந்தபோது உயிர் இல்லை. அவர்களுடைய அப்பா கருப்பண்ணன், அந்த வாரமே கிணற்றின் வாய்க்கு இரும்பு வலை அடித்து, பூட்டு வைக்காமல், வெல்டிங் பற்றவைத்தே மூடினார். சரிதா கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் தண்ணீர் குழாயிலிருந்து மட்டும்தான் வரும். ஆறு, குளம், அருவி எதற்கும் யாரும் போவதில்லை. பேசுவதுகூட இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை மட்டும், இளவழகனுக்குத் திதி கொடுக்கப் பவானிக் கூடுதுறைக்குப் போவார்கள். போன ஆடியில் அங்கே, படியில் நின்றிருந்த ரஞ்சிதா வழுக்கி விழுந்தாள். பூபதி, சரிதாவின் ஒரே மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

தண்ணீர் முழங்கால் அளவு. எழுந்து நின்றால் போதும். ஆனால் அவள் எழவில்லை. கண்ணைத் திறந்தபடி, கை காலை அசைக்காமல், தண்ணீருக்குள் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி சடையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார். பூபதி மேல்படியில் நின்றிருந்தார். அவரால் ஒரு படிகூட இறங்க முடியவில்லை.

"அவரு மேல எனக்குக் கோவம் இல்லைங்க்கா" என்றாள் சரிதா. "ரெண்டு பேரும் ஒரே மாதிரி நின்னுட்டாங்க. புள்ள தண்ணிக்குள்ள, அப்பன் படி மேல. அன்னைக்கே முடிவு பண்ணிப்போட்டேன்."

3

சரிதா ஒரு லோடு ஏற்றினால் முதலில் போய்ச் சேரும் நாளை எழுதிவிட்டுப் பிறகு பின்னோக்கி வருவாளாம். அப்படித்தான் இதையும் செய்தாள். முதலில் விமான டிக்கெட். பிறகு ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல். கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுபோனால் கையில் இருக்க ஒரு உபரி நாள். தீவில், முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சுக்குழாயைக் கடித்தபடி மிதந்து பவளப்பாறை பார்க்க ஒரு படகு. டிக்கெட் எல்லாம் உறுதியான பிறகுதான் குழுவையே தொடங்கினாள்.

பூபதி பூனாவிலிருந்து கேட்டார்: "அந்த ஊருக்கு ரோடு இருக்குதா?"

"இல்லீங்க."

"ரோடு இல்லாத ஊருக்கு எதுக்குப் போறது?"

"லாரி இல்லாம ஒருக்காப் போய்ப் பாக்கலாமுங்க."

கருப்பண்ணன் குரல் செய்தி அனுப்பினார். மெதுவான, கெஞ்சுகிற குரல். "கொல்லிமலை போலாம் சாமி. ஏற்காடு போலாம். தண்ணி வேண்டாஞ் சாமி." மருமகளையும் பேத்தியையும் அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

சரிதா அதற்குப் பதில் போடவில்லை. மறுநாள் பொதுவாக ஒன்று போட்டாள்: 'விசாரிச்சிட்டேன். நீச்சல் தெரியாதவங்களப் படகுலயே ஏத்த மாட்டாங்களாம். டிக்கெட்டத் திருப்பவும் முடியாது. எல்லாரும் பழகிக்கணும்.'

* இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எழுதுகிறவளுக்குத் தகவல் தப்பக்கூடாது. தேடிப் பார்த்தேன். எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டுகிறார்கள், கூடவே ஓர் ஆள் பிடித்துக்கொண்டு வருகிறார், நீச்சல் ஒரு சொட்டும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றே எல்லா இடத்திலும் இருந்தது. சரிதாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "எனக்குத் தெரியுங்க்கா. இவங்களுக்குத் தெரியாது."

4

இந்தப் பகுதியை நான் முதலில் எழுதிய விதம்: 'கருப்பண்ணன் பிடிவாதக்காரர். வலைமேல் கைவைத்தால் நான் செத்துப்போவேன் என்று —'

சரிதா இதைப் படித்துவிட்டுக் கோபப்பட்டாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "எங்க மாமன அப்பிடி எழுதாதீங்க. அவரு ஒரு நாளும் அப்பிடிப் பேச மாட்டாரு." கிழவர் என்றால் பிடிவாதம் என்று என் பேனாவே எழுதிவிட்டது. நடந்ததை அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது சரிதா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, கெணத்து வலைய எடுக்கோணுமுங்க."

அவர் நிமிரவில்லை.

"பவானியில நீங்களும் பாத்தீங்கல்லங்க மாமா. நீங்க வல போட்டது நம்ம கெணத்துக்குத்தான். ஆத்துக்குப் போட முடியுங்களா?"

அரிவாளைக் கீழே வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார். "போ சாமி, வெயிலா இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் சத்தம் கேட்டுச் சரிதா தோட்டத்துக்கு ஓடினாள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலிருந்து கேஸ் கட்டரோடு ஓர் ஆளைக் கூட்டிவந்து, கருப்பண்ணனே வலையை அறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பொறி பறக்கிற திசைக்கு முதுகைக் காட்டி, தென்னை மரத்தைப் பார்த்தபடி நின்றார். கடைசிக் கம்பி அறுந்து வலை சாய்ந்த சத்தம் கேட்டதும் திரும்பாமலே கேட்டார்: "தண்ணி எவ்வளவு கெடக்குது?"

"கெடக்குதுங்க. பாதிக்கு மேல" என்றார் பட்டறைக்காரர்.

"தூர் வாரிப்போட்டு எறங்கச் சொல்லுங்க. பாசி வழுக்கும்."

(இந்த வாக்கியத்துக்கு மேல் அவரைப் பற்றி நான் ஏதாவது சேர்த்தால் அது கெட்டுப்போகும். சேர்க்கவில்லை.)

5

முதலில் இறங்கியது சரிதா. அவளுக்கும் நீச்சல் தெரியாது. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டி, காற்றடைத்த லாரி டியூபுக்குள் நுழைந்துகொண்டாள். இடுப்பைச் சுற்றி ஒரு கயிறு. தார்ப்பாய் கட்டுகிற கயிறு. அதன் இன்னொரு முனையைப் பூபதியிடம் கொடுத்தாள்.

"நீங்க எறங்க வேண்டாமுங்க. இதப் புடிச்சிட்டு நின்னாப் போதும்."

பூபதி கிணற்று மேட்டில், மோட்டார் அறைத் தூணில் முதுகைச் சாய்த்து, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றார். முதல் சில நாள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கயிறு இழுபட்டால் அவர் முகம் வெளுக்கும் என்று ரஞ்சிதா என்னிடம் சொன்னாள். லோடு இல்லாத நாட்களில் எல்லாம் இது நடந்தது. சரிதா காலை அடித்தாள், தண்ணீரைக் குடித்தாள், இருமினாள், மறுபடி அடித்தாள். டியூபை விட்டால் கல் மாதிரிப் போனாள். அவர் இழுத்தார்.

பூபதியிடம் நான் நேரில் கேட்டேன், நீங்கள் எப்போது இறங்கினீர்கள், எது உங்களை இறங்க வைத்தது என்று. கதைக்கு இது உச்சம். ஒரு பெரிய வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அவ நீந்தறதப் பாக்கச் சகிக்கலைங்க. ஒரு மாசமா அதே தப்பப் பண்ணிட்டிருக்கறா. தலையத் தூக்குனாக் கால் கீழதான போகும்? மேல இருந்து கத்திக் கத்திப் பாத்தேன். கேக்கல. எறங்கிட்டேன்."

"பயமா இல்லையா?"

"இருந்துதுங்க. எறங்குனப்பறமும் இருந்துது. மூணாம் படியில நின்னு அழுதேன். அவ டியூபப் புடிச்சிட்டு பக்கத்துல வந்து நின்னா. அப்பறம், 'கால எப்பிடி வெக்கோணும், சொல்லுங்க'ன்னா. சொல்லிக் குடுத்தேன்."

பிறகு அவரே ரஞ்சிதாவைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். அவள் முதல் நாள் கழுத்தை விடவில்லை. அடுத்த நாளும் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர்ப்பாம்பு ஒன்று எதிர்ச்சுவர்ப் பொந்திலிருந்து எட்டிப்பார்த்தபோது, அப்பாவை விட்டுவிட்டுத் தானே படிக்கு நீந்தி வந்துவிட்டாள். வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான் தான் நீந்தியது அவளுக்குத் தெரிந்தது. (பாம்பு நான் சேர்த்ததல்ல. சேர்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் பெரிதாகவே சேர்த்திருப்பேன்.)

6

போனார்கள். கருப்பண்ணனும் போனார். "துணிமணி பாத்துக்க ஒரு ஆளு வேணுமல்ல" என்று கடைசி வாரத்தில் அவராகவே சொன்னாராம். சரிதா அவருக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள்.

ஹேவ்லாக்கில், படகு ஏறும் இடத்தில், எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டினார்கள். வரிசையில் ஒரு வங்காளக் குடும்பம். குண்டான ஒரு பெரியவர், வாழ்க்கையிலேயே இன்றுதான் தண்ணீரில் இறங்கப் போவதாகப் பூபதியிடம் உற்சாகமாக இந்தியில் சொன்னார். பூபதிக்கு லாரி ஓட்டிப் பழகிய இந்தி நன்றாகவே வரும்.

அவர் சரிதா பக்கம் திரும்பினார். "ஏஞ் சரிதா, இவங்கெல்லாம் நீச்சத் தெரியாமத்தான் வந்திருக்கறாங்களா?"

"ஆமாங்க."

"படகுல ஏத்த மாட்டாங்கன்ன?"

"ஆமாங்க, சொன்னேன்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நான் இந்த இடத்தில் 'அவர் கண்கள் கலங்கின' என்று எழுதினேன். சரிதா அடித்துவிட்டாள். "கலங்கலைங்க்கா. சிரிச்சாரு. அதுக்கப்பறம் என்ற மிதவச் சட்டையோட வார இழுத்துக் கட்டி உட்டாரு."

நடுக்கடலில் பூபதி, சரிதா, ரஞ்சிதா மூன்று பேரும் முகம் கவிழ்த்து மிதந்தார்கள். கீழே மூளை போலச் சுருண்ட பாறைகள், அவற்றின் இடுக்கில் நீலமும் மஞ்சளுமாக மீன்கள். ரஞ்சிதா அப்பாவின் கையைத் தானே விட்டுவிட்டு ஒரு மீனின் பின்னால் போனாள். பூபதி அவளைக் கூப்பிடவில்லை. கூடவே நீந்தினார்.

எனக்குச் சரிதாவைப் பற்றி எழுதப் புகழ்ச்சியான வார்த்தைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பொருத்தமாக ஒன்றும் இல்லை. ஒரு பொய்யை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன இன்னொருவரை எனக்குத் தெரியாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

7

மிச்சம் இருப்பது கருப்பண்ணன். அன்று சாயங்காலம், கரையில் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின்மேல், நான்கு பேருடைய செருப்புக்கும் பைக்கும் காவலாக உட்கார்ந்திருந்தார். ரஞ்சிதா தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்து மீன்களின் நிறத்தைச் சொன்னாள். பிறகு கடலுக்குள் இடுப்பளவு போய் நின்றுகொண்டு தாத்தாவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"வாங்க அப்பாரு. இவ்வளவுதான் ஆழம். நான் புடிச்சுக்கறேன்."

அவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

முடிவு (அ): அவர் இறங்குகிறார். முதல் அலை காலைத் தொட்டதும் மகன் பெயரைச் சொல்கிறார். இதை அழுதுகொண்டே எழுதினேன். மறுநாள் படித்தபோது, நான் அழுவதற்காக எழுதியது என்று தெரிந்தது.

முடிவு (ஆ): அவர் இறங்கவில்லை. கரையிலேயே நின்று பேத்தியைப் பார்க்கிறார். 'ஒரு வீட்டில் ஒருவராவது கரையில் இருக்க வேண்டும் என்று —' இல்லை. இது தத்துவம். அவர் பேசுகிற பாஷை இல்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று சரிதாவிடம் கேட்டேன்.

"தெரியுங்க்கா. பாத்துட்டுத்தான நின்னேன். உங்களுக்குச் சொல்றேன், ஆனா எழுதாதீங்க. மத்ததெல்லாம் நான் பண்ணுனது, எழுதிக்குங்க. அது அவங்க ரெண்டு பேரோடது."

சொன்னாள். எழுதவில்லை. இந்தக் கதையில் நான் செய்ததிலேயே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, அலை சிறியது, காலடியில் வெறும் மணல்தான், பாறை இல்லை. பூபதியும் சரிதாவும் கொஞ்சம் தள்ளி நிற்கிறார்கள், வேறு பக்கம் பார்ப்பது போல. பெரியவர் ஈர மணலின் ஓரத்தில் வந்து நிற்கிறார். அவரை நகர்த்துவதோ நிற்கவைப்பதோ உங்கள் விருப்பம். அவசரப்படுத்த வேண்டாம். பேத்தியின் கை நீண்டபடியே இருக்கிறது. அதை நான் மடக்கவில்லை.